வாசகர் கேள்வி பதில்: வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்ன பிறகு

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய், ஈரல் வரை பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூருக்குக் கொண்டுபோகாவிட்டால் ஊர் என்ன பேசும் என்கிறார் பெரியப்பா. ராத்திரியெல்லாம் அப்பா முனகுகிறார். வலிக்கு மார்ஃபின் மருந்து கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று வேறு பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு மகள், காவேரிப்பட்டணம்

பதில்: ஊர் பேசுவது இருக்கட்டும், முதலில் வலியைப் பார்ப்போம். டாக்டர் சொல்லும் அளவில் கொடுத்தால் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. அதன் சாதாரண மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தருவார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மணி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் தூக்கமாகவே கிடப்பார், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்தும் வீடுகள் நிறைய. எல்லா மெடிக்கலிலும் மார்ஃபின் கிடைக்காது. அனுமதி பெற்ற மருத்துவமனையில் சீட்டு எழுதி வாங்க வேண்டும். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி அதைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். அதில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்து, நர்ஸை வரச் சொல்லிக் கேளுங்கள்.

பெங்களூர் விஷயம்? அதை அப்பாவிடமே கேளுங்களேன். நினைவு தெளிவாக இருக்கும்போதே, வென்டிலேட்டர் வேண்டுமா, ஐ.சி.யூ. வேண்டுமா, யார் முடிவு சொல்வது என்று அவர் எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னால் கையெழுத்து. இது விஷ ஊசி போடும் சமாச்சாரம் இல்லை, பெரியப்பாவுக்கும் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா கடைசி வாரம் கூழ்கூடக் குடிக்கவில்லை. டிரிப்ஸ் போடாமல் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாய் என்கிறான் தம்பி. கருமாதி முடிந்தும் என்னால் எழுந்து நடமாட முடியவில்லை.
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: நீங்கள் கொல்லவில்லை. கடைசி நாட்களில் உடம்பே சாப்பாட்டை வேண்டாம் என்றுவிடும், பசியும் அவ்வளவாகத் தெரியாது. அப்போது டிரிப்ஸ் ஏற்றினால் கை கால் வீங்கலாம், சளி கட்டி மூச்சு இன்னும் திணறலாம். ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தீர்களா? அந்த நேரத்துக்கு வேண்டிய வைத்தியம் பெரும்பாலும் அதுதான். தம்பி பேசுவது துக்கத்தில், உள்ளூரில் இல்லாமல் போனோமே என்கிற குற்ற உணர்ச்சியும் இருக்கலாம் (தூரத்தில் இருக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் சத்தம் போடுவார்கள்). இப்போதே அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டியதில்லை. அம்மாவைப் பார்த்த டாக்டரிடமே அவனை ஒரு தடவை பேச வையுங்கள்.

பதினாறு நாளில் அழுகை தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கமே வராமல், சோறு இறங்காமல் வாரக்கணக்கில் போனாலோ, நாமும் போய்விடலாமா என்று ஒரு தடவை தோன்றினாலும்கூட, தள்ளிப்போடாமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.