கழுத்தில் ட்யூப் வைத்த அப்பாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சளி உறிஞ்சும் சக்‌ஷன் போடலாம்?

தண்டையார்பேட்டை, ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் ட்யூப் வைப்பது) செய்து வீட்டுக்கு வந்தாயிற்று, சளி அடைத்துக்கொண்டே இருக்கிறது என்கிறீர்கள். வீடு எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் எண்ணிக்கையை விடுங்கள், முதலில் ஈரத்தைக் கவனியுங்கள்.

காற்றை நனைத்து, தூசியை வடிகட்டி அனுப்புவது மூக்கு. இப்போது மூக்குக்கு வேலை இல்லை. வறண்ட காற்று நேரே உள்ளே போவதால் சளி காய்ந்து ட்யூபுக்குள் பொருக்காக ஒட்டுகிறது. பொருக்கை எந்த மெஷினும் இழுக்காது. திரும்பத் திரும்ப இழுத்தால் உள்சுவர் புண்ணாகி இன்னும் சளி சுரக்கும்.

மெல்லிய காட்டன் துணியை இரண்டு மடிப்பாக நனைத்து, நன்றாகப் பிழிந்து, ட்யூப் வாய்க்கு முன்னால் தொங்கவிடுங்கள். காய்ந்தால் மறுபடி நனையுங்கள். "ஈரத்துணி போட்டால் சளி பிடிக்கும்" என்று சொல்ல வீட்டுக்கு வீடு ஒரு பெரியம்மா இருப்பார். பிடிக்காது. நூல் பிரியும் துணியும் பஞ்சும் மட்டும் கூடாது, உள்ளே போய்விடும். நார்மல் சலைனை (உப்புநீர் மருந்து) நெபுலைசரில், அதாவது ஆவிபோலத் தூவும் மெஷினில், கொடுக்கும்போது மாஸ்க்கைக் கழுத்தில் வையுங்கள். பழக்கதோஷத்தில் முகத்தில் மாட்டிவிடுகிறார்கள், மருந்து போகவேண்டிய வழி அது இல்லை.

சளிச் சத்தம் கேட்டு, அவரால் இருமித் தள்ள முடியாதபோது மட்டும் சக்‌ஷன். உள்விட்டம் 8 மி.மீ. உள்ள ட்யூபுக்கு 12 நம்பர் கதீட்டர் (சளியை இழுக்கும் மெல்லிய குழாய்) சரி. மெஷின் அழுத்தம் 80 முதல் 120 mmHg. கதீட்டரை உள்ளே விடும்போது இழுவை இருக்கக்கூடாது. ட்யூபின் நீளத்தை முன்பே அளந்து குறித்துக்கொண்டு அதுவரை விட்டு, வெளியே எடுக்கும்போது மட்டும் கதீட்டரின் பக்கத்துத் துளையை விரலால் மூடுங்கள். 10 விநாடிக்குள் முடியவேண்டும். அடுத்ததற்கு முன் அவர் மூச்சு வாங்கட்டும். ஆஸ்பத்திரியில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைத்தான் கேட்கவேண்டும். நான் பொதுவான முறையைச் சொல்கிறேன், "நீ என்ன டாக்டரா" என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

உள் ட்யூப் தனியாக இருந்தால் காலை, மாலை கட்டாயம் கழற்றிக் கழுவவேண்டும், சளி கெட்டி என்றால் கூடுதலாகவும். ஒரு கையால் வெளித் தகட்டைப் பிடித்துக்கொள்ளாமல் உருவினால் முழுசும் வந்துவிடும். சமையல் சோடா உப்புத் தண்ணீரில் ஊறினால் பொருக்கு இளகும். கழுத்து நாடாவுக்கு அடியில் ஒரு விரல் நுழையவேண்டும், அவ்வளவே.

கொசுவத்தி, ஊதுபத்தி, முகப் பவுடர் மூன்றும் அந்த அறைக்கு வேண்டாம். வெளியே என்ன செய்வது? கன்டெய்னர் லாரி இரவு பகலாக ஓடுகிறது, தோண்டிய ரோட்டை மூடுவார் இல்லை, போகிக்கு டயர் கொளுத்தாதே என்றால் நம்மை முறைக்கிறார்கள். வடசென்னையில் நுரையீரலுக்கு யாரிடம் மனு கொடுப்பது! தெருப்பக்க ஜன்னலையாவது சாத்துங்கள்.

கதீட்டர் உள்ளே போகாமல் முட்டி மூச்சுத் திணறினால், முதலில் உள் ட்யூபை உருவுங்கள். பெரும்பாலும் அடைப்பு அதோடு வந்துவிடும். வராவிட்டாலும், முழு ட்யூபும் கழன்றாலும், சிவப்பாக ரத்தம் கொட்டினாலும் 108. அதே அளவிலும் ஒரு அளவு சிறியதிலும் மாற்று ட்யூப் தலைமாட்டிலேயே இருக்கட்டும், கிளம்பும்போது கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனைக் கழுத்திலும் வைக்கச் சொல்லுங்கள். கரன்ட் போனால் காலால் மிதிக்கும் சக்‌ஷன் மெஷின் கிடைக்கிறது, மழைக்காலத்துக்கு முன் வாங்கிவிடுங்கள்.