கண்ணாடிக்குள் அணுக்களின் அண்டை வீடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் வைத்துப் பார்த்தேன். குவார்ட்ஸ், முல்லைட் ஆகிய படிகங்கள் கூரிய முகடுகளாகத் தெரிகின்றன. அவற்றுக்கு அடியில், 20 முதல் 30 டிகிரி வரை, அகன்ற மேடு ஒன்று இருக்கிறது. அது படிகமற்ற பகுதி, அதில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா? (ஆய்வு மாணவி, திருவொற்றியூர்)

பதில்: விட்டுவிடாதீர்கள். அந்த மேட்டைத் தருவது கண்ணாடி; அந்தச் சாம்பலில் பெரும்பகுதி கண்ணாடிதான். சிமென்ட்டோடு சேரும்போது வினைபுரிவதும் முதன்மையாக அதுவே. குவார்ட்சும் முல்லைட்டும் பெரும்பாலும் சும்மா இருந்துவிடுகின்றன. அப்படியிருக்க, வேலை செய்யும் பகுதியை ஒதுக்கிவிட்டு வேலை செய்யாத பகுதியை மட்டும் பட்டியலிடுவது முறையாகாது.

கண்ணாடியில் ஒழுங்கே இல்லை என்பது தவறான புரிதல். தொலைவில் மட்டுமே ஒழுங்கு இல்லை. காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படகிலிருந்து அடுத்த படகு எவ்வளவு தூரம் என்று ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு இடைவெளியிலும் உள்ள சிறு வேறுபாடு சேர்ந்துகொண்டே போவதால், இருபதாவது படகு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. தூய சிலிக்காக் கண்ணாடியில் ஒவ்வொரு சிலிக்கனையும் நான்கு ஆக்சிஜன்கள் சுமார் 1.61 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தூரத்தில் நான்முகியாக, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவில், சூழ்ந்திருக்கின்றன. குவார்ட்ஸ் படிகத்திலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். கண்ணாடியில் சிதறிக் கிடப்பது நான்முகிகள் ஒன்றோடொன்று இணையும் கோணம். 1932இல் சக்காரியாசன் என்ற ஆய்வாளர் முன்வைத்த இந்தப் படத்துக்கு அதே பத்தாண்டில் வாரன் என்ற ஆய்வாளர் எக்ஸ் கதிர் அளவீடுகளால் வலுச் சேர்த்தார். உங்கள் மேட்டிலும் இத்தகைய செய்திதான் மறைந்திருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த சாம்பலில் அந்த மேடு பெரிய கோணத்தை நோக்கி நகரும் என்பதை உங்கள் மாதிரிகளை ஒப்பிட்டே நீங்கள் கண்டுகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் தாமிர எக்ஸ் கதிர்க் குழாய் கொண்ட கருவி மட்டுமே உள்ளது. அணுக்களுக்கிடையிலான தூரங்களை அதிலேயே கண்டறிய இயலுமா? (ஆசிரியர், வியாசர்பாடி)

பதில்: முதல் அண்டைகளை மங்கலாகக் காணலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சிதறலை ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறையால் தூரங்களாக மாற்றும்போது, எவ்வளவு பெரிய சிதறல் திசையன் (சிதறும் கோணத்தையும் அலைநீளத்தையும் கொண்டு கணக்கிடும் அளவு) வரை அளந்தோம் என்பதே கூர்மையைத் தீர்மானிக்கிறது. தாமிரக் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம் என்பதால், கோணத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த எல்லை ஆங்ஸ்ட்ராமுக்கு 8 என்ற அளவிலேயே நின்றுவிடும். பை என்னும் மாறிலியை இந்த எல்லையால் வகுத்தால் பிரித்தறியும் திறன் கிடைக்கும். இங்கே அது சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம். சாம்பல் கண்ணாடியிலோ சிலிக்கன்–ஆக்சிஜன் தூரம் 1.61, அலுமினியம்–ஆக்சிஜன் தூரம் சுமார் 1.75. இரண்டும் ஒரே முகடாகக் கலந்துவிடும். மாலிப்டினம் குழாய் அந்த எல்லையை 17 வரையும் வெள்ளிக் குழாய் 22 வரையும் கொண்டுசெல்லும். இந்த இரண்டு முகடுகளையும் பிரிக்க வெள்ளிக் குழாய்கூடச் சற்றே போதாது. சிங்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கியின் கதிர் வேண்டும்.

எந்தக் குழாயானாலும், வெற்று நுண்குழாயின் சிதறலையும் காற்றின் சிதறலையும் அதே நேர அளவில் தனித்தனியே அளந்து கழியுங்கள். பெரிய கோணங்களில் உண்மைச் சைகை மிகச் சிறியது. காம்ப்டன் சிதறல் (ஆற்றலை இழந்து சிதறும் கதிர்) அங்கே அதை விஞ்சிவிடும். மணிக்கணக்கில் பொறுமையாக அளக்க வேண்டிய இடம் அதுதான். பெரும்பாலோர் அவசரப்படுவதும் அங்கேதான் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்னொன்று: குவார்ட்ஸ் கலந்த சாம்பலின் தரவை அப்படியே ஃபூரியர் மாற்றத்துக்கு உட்படுத்தினால், 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பாலும் தொடரும் அலைகள் படிகங்களுடையவை. அவற்றைக் கண்ணாடியின் ஒழுங்கு என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஃபூரியர் மாற்றத்துக்குப் பின் எனக்குக் கிடைத்த தூர வரைகோட்டில் 1 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழேயும் முகடுகள் உள்ளன. அவை என்ன? (முதுகலை மாணவர், இராயபுரம்)

பதில்: அவை அணுக்கள் அல்ல. சிலிக்கேட் கண்ணாடியில் அவ்வளவு நெருக்கமாக இரண்டு அணுக்கள் இருக்க முடியாது. தரவை ஓர் எல்லையில் வெட்டியதாலும், கழித்தலில் நேர்ந்த பிழையாலும் எழும் போலி அலைகள் அவை. தரவின் முனையை மெல்லத் தணிக்கும் லார்ச் சார்பால் அவற்றை அடக்கலாம். ஆனால் உண்மை முகடுகளும் உடன் அகன்றுவிடும் என்பதால், அடக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வரைகோடுகளையும் ஆய்வேட்டில் காட்டுவதே நேர்மை.

கேள்வி: போரான் கலந்த போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு எக்ஸ் கதிரைவிட நியூட்ரான் மேலானதா? (தண்டையார்பேட்டை)

பதில்: ஆக்சிஜனைப் பார்க்க மேலானது. ஆனால் இயற்கைப் போரானில் சுமார் 20 விழுக்காடாக உள்ள போரான்-10 என்னும் ஐசோடோப்பு நியூட்ரான்களை விழுங்கிவிடும். போரான்-11 செறிவூட்டிய மூலப்பொருளால் மாதிரியைத் தயாரிக்க வேண்டும்.

கேள்வி: அளந்த வரைகோட்டிலிருந்து முழு முப்பரிமாண அமைப்பையும் கணினியில் பெற்றுவிடலாம் அல்லவா? (திருவொற்றியூர் மாணவியே மீண்டும்)

பதில்: வரைகோட்டோடு ஒத்துப்போகும் ஓர் அமைப்பைப் பெறலாம்; அதுவே அந்தக் கண்ணாடி என்று சொல்ல இயலாது. சிலிக்கன், அலுமினியம், கால்சியம், இரும்பு, ஆக்சிஜன் என ஐந்து தனிமங்கள் இருந்தால் 15 அணு இணைகள் உண்டு. ஓர் அளவீடு தருவது அவற்றின் எடையிட்ட கூட்டுத்தொகையை மட்டுமே. 1988இல் மக்கிரீவியும் புஸ்தாயும் அறிமுகப்படுத்திய தலைகீழ் மாண்டி கார்லோ முறையிலும் (அணுக்களைத் தற்செயலாக நகர்த்தி அளவீட்டோடு பொருத்தும் கணினி முறை) இந்தக் குறைபாடு நீங்குவதில்லை. அடர்த்தியையும் வேதியியல் பகுப்பாய்வையும் முதலில் உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு சிலிக்கனுக்கும் நான்கு ஆக்சிஜன் என்ற கட்டுப்பாட்டை விதியுங்கள். வெவ்வேறு தொடக்க அமைப்புகளிலிருந்து பலமுறை ஓட்டி, எல்லாவற்றிலும் மாறாமல் வருவதை மட்டும் முடிவாக எழுதுங்கள்.