சூரிய அஸ்தமனப் படத்தில் போடாத பழமொழிகள்

கேள்வி: 'ஆப்பிரிக்கப் பழமொழி' என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒன்று வருகிறது. எழுதி வைக்காமல் வாய்வழியாக வந்ததில் 'பெரியவர் சொல் கேள்' என்பதைத் தாண்டி அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: முதலில் அந்த 'ஆப்பிரிக்க'வை விடுங்கள். 54 நாடுகள், எண்ணி முடியாத மொழிகள். இதில் யார் சொன்னது என்று ஊர் பேர் இல்லாமல் வருவதைக் கண்டாலே எனக்குச் சந்தேகம்தான். சேவா மக்களை எடுத்துக்கொள்வோம். மலாவி, ஜாம்பியாவின் கிழக்குப் பகுதி, மொசாம்பிக்கின் டெட்டே பக்கம் இருப்பவர்கள், சிச்சேவா பேசுகிறவர்கள். பழமொழியை அவர்கள் 'ம்வாம்பி' என்பார்கள்.

'முட்டு உமோட்சி சுசென்ஸா டெங்கா' என்று ஒன்று. ஒரு தலை கூரையைச் சுமக்காது. ஒற்றுமையே பலம், அவ்வளவுதானே என்று நகர்ந்துவிடாதீர்கள். அங்கே பழைய வீடுகளுக்குக் கூரைக்கூட்டைத் தரையிலேயே கட்டி, அப்புறம் பல பேர் சேர்ந்து தூக்கிச் சுவர்மேல் வைப்பார்கள். அதை ஒரு தடவை தூக்கியவனுக்கு விளக்கமே வேண்டாம், கழுத்து ஞாபகம் வைத்திருக்கும்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். 'பெரியவர் சொல் ஒரு ராத்திரி கழிந்தால்தான் ருசிக்கும்' என்று ஒரு ம்வாம்பி உண்டு, சரி. அதாவது சொன்ன அன்றைக்குக் கசக்கும் என்று அதிலேயே ஒப்புக்கொண்டாயிற்று! அதே ஊரில்தான் 'கூரான சவரக்கத்தி விருந்தாளி கையில்தான் வரும்' என்கிறார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் திணறுகிற சிக்கலை, நேற்று வந்தவன் அறுத்துவிட்டுப் போவான். ஊர்த் தலைவர் முன்னால் ஒரு வழக்கு நடக்கும்போதோ, கல்யாணப் பிணக்கில் 'ன்கோஸ்வே' என்கிற (பெரும்பாலும் தாய்மாமன்) பொறுப்பாளர் பேசும்போதோ, யாருக்கு எது தேவையோ அதை எடுத்து வீசுவார்கள். எதிராளி சும்மா இருப்பானா, அவனிடமும் ஒன்று இருக்கும். நீங்கள் அறநெறி வகுப்பு என்று நினைப்பது அங்கே வாதத்துக்கான சரக்கு, அதை வழக்கிலிருந்து பிய்த்துப் படத்தில் ஒட்டினால் உபதேசம் மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று: 'உகாய்ப்பா ட்சீவா ந்யிம்போ'. உனக்கு அழகு வாய்க்கவில்லை என்றால் பாட்டாவது கற்றுக்கொள் என்று அர்த்தம். இதை மட்டும் எந்தப் புண்ணியவானும் சூரிய அஸ்தமனப் படத்தில் போட்டு எனக்கு அனுப்பியதில்லை.