எங்கட செங்கல்லுச் சூளையில குண்டு தடுக்கிற செராமிக் கவசத் தகடு மலிவா செய்யேலாதோ?

ஏலாது தம்பி. ஆனா உங்கட கேள்வி பிழையில்லை, நானும் ஒருக்கா இதைத்தான் யோசிச்சனான்.

இலங்கை வடக்கில முகமாலைப் பக்கம் ஆறு வருசம் மிதிவெடி அகற்றுற வேலை செய்தனான். அந்த வெயிலுக்க கவசத்தையும் மாட்டிக்கொண்டு முழங்காலில நிண்டு மண் சுரண்டுறது செய்தவைக்குத்தான் தெரியும். கனபேர் அதுக்குள்ள செராமிக் தகடு கிடக்கெண்டு நினைக்கினம், இல்லை, அது கெவ்லார் மாதிரி நார்த்துணி அடுக்கு, முகத்துக்கு 5 மி.மீ. பொலிகாபனேற், சிதறலுக்கு அதுதான். செராமிக் தகடு ரைஃபிள் குண்டைத் தடுக்கத்தான். குண்டை விடத் தகடு கடினம், அடிக்கேக்க குண்டின்ர மூக்கு நொருங்கும், தகடும் வெடிக்கும், மிச்சத்தைப் பின்னால ஒட்டியிருக்கிற நார்ப்படை பிடிக்கும்.

அப்பா கல்லறுத்துச் சூளை வைச்சவர். விறகுச் சூளை நல்லா எரிஞ்சாலும் ஆயிரம் பாகையை ஒட்டித்தான் வரும், அலுமினா, அதுதான் அலுமினிய ஒட்சைட்டு, அந்தத் தகட்டுக்கு 1600 கிட்ட வேணும், அதுக்குள்ள எங்கட செங்கல்லே உருகிப்போம். போரன் காபைட் எண்ட இன்னும் கடினமான செராமிக் எண்டால் 2000க்கும் மேல, காத்துப் படாமல் கிராபைட் அச்சுக்குள்ள வைச்சு அமத்தவும் வேணும், அதுதான் அந்த விலை.

மண்ணும் சரிவராது. களியில இருக்கிற அலுமினா சிலிக்காவோட கட்டுண்டு கிடக்கு, சுட்டால் ஓடோ கோப்பையோதான். தகட்டுக்கு 90 வீதத்துக்கு மேல அலுமினா வேணும், அது பொக்சைற் எண்ட தாதுவில இருந்து எடுக்கிறது. கொக்கிளாய்க் கறுப்பு மணலில சிர்க்கோன் எண்ட கனிமம் இருக்குத்தானே எண்டும் கேட்டிருக்கிறியள், இருக்கு, ஆனா அதில வாற சிர்கோனியா அலுமினாவை விட ஒண்டரை மடங்கு பாரம், ஆர் சுமக்கிறது?

மலிவாக்கிறவை எங்க காசை மிச்சம் பிடிக்கினம் எண்டால், தூளில இல்லை, சூட்டிலயும் தேய்ப்பிலயும்தான். சுடேக்க தகடு நீளத்தில ஆறில ஒரு பங்கு மாதிரிச் சுருங்கும், ஒரு பக்கம் கூடச் சுருங்கினால் கோணும், பிறகு வைரச் சில்லால தேய்க்கோணும், அதுக்கே காசு கரைஞ்சிடும். அதால சிலிக்கன் காபைட் எண்ட வேறொரு செராமிக் தூளையும் கரியையும் அச்சில அமத்திப் போட்டு உருகின சிலிக்கனை உள்ள ஏறவிடுறவை, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி. 1500 பாகை போதும், சுருக்கமே இல்லையெண்டு சொல்லலாம். மிஞ்சின சிலிக்கன் கொஞ்சம் மெது, அதால பலம் ஒரு படி குறையும். மற்றது பெரிய வளைஞ்ச தகட்டுக்குப் பதிலா சின்னச் சின்ன அறுகோண அலுமினா ஓடு, மெஷினில அமத்தி அமத்தி எடுத்துத் தேன்கூடு மாதிரி ஒட்டுறது. ஒண்டு உடைஞ்சாலும் பக்கத்து ஓடு நிக்கும். பொருத்துத்தான் பலவீனம். என்னைக் கேட்டால் மலிவுக்கு இதுதான் சரி, பாரத்தைச் சகிக்கோணும்.

இன்னொரு செலவு ஒருத்தரும் கணக்குப் பாக்கிறேல்லை. ஒவ்வொரு தொகுதியிலயும் சிலதை எடுத்துத் துவக்கால சுட்டே உடைச்சுப் பாக்கோணும். அப்பான்ர சூளையில கல்லு வெடிச்சால் அத்திவாரத்துக்கெண்டு அரைவிலைக்குக் குடுப்பார், இதில வெடிப்புக் கண்ணுக்கே தெரியாது, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.