கார்போஹைட்ரேட்டை அடியோடு நிறுத்திவிடலாமா? நல்ல மாவுச்சத்து எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறுத்த வேண்டாம். நிறுத்திப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தெரிந்த மறுநாளே சோறு, ரொட்டி, பழம், பயறு எல்லாவற்றையும் விட்டேன். எடை இறங்கியது உண்மைதான். ஆனால் மூன்றாவது வாரத்திலேயே மலச்சிக்கலும் தலைவலியும் வந்துவிட்டன. இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. விட்டதெல்லாம் திரும்பி வந்தது, எடையும் சேர்ந்துதான்.

அதற்குப் பிறகுதான் எதைச் சாப்பிடுகிறோம் என்று உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். ஒரு கோதுமை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தவிடு, ஓர் ஓரத்தில் முளை, மற்றதெல்லாம் மாவு. நார்ச்சத்து பெரும்பாலும் தவிட்டில் இருக்கிறது. வைட்டமின்களும் நல்ல கொழுப்பும் முளையில். ஆலையில் தீட்டும்போது இரண்டும் போய்விடுகின்றன. மிஞ்சும் மாவுக்கு வயிற்றில் தடையே இல்லை. வெள்ளை ரொட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டு ஒரு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள், இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவை அங்கேயே சர்க்கரையாக உடைக்கிறது. முழுத் தானியத்திலும் இது நடக்கும், ஆனால் நார் குறுக்கே நிற்பதால் சர்க்கரை ரத்தத்தில் நிதானமாக ஏறும். அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: விளைந்தபோது இருந்ததில் எவ்வளவு இன்னும் மிச்சம் இருக்கிறது?

பொட்டலத்தின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். பல மாதம் நான் நல்லது என்று நினைத்து வாங்கிய பழுப்பு ரொட்டியின் பின்பக்கத்தை ஒருநாள் படித்தேன். முதல் பொருள் மைதா. முழுக் கோதுமை மாவு நான்காவது. நிறத்துக்குக் கேரமல். பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவதே பொதுவான முறை, ஆகவே முதல் பெயரைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு ஒரு கணக்கு: 10 கிராம் கார்போஹைட்ரேட்டுக்கு 1 கிராமாவது நார் இருக்க வேண்டும். அந்த ரொட்டி இதில் தேறவில்லை.

உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டுதலும் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்வதைவிட, அது எங்கிருந்து வர வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது: முழுத் தானியம், காய்கறி, பழம், பருப்பு வகைகள். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார், 400 கிராம் காய்கறியும் பழமும். ஒரு கோப்பை வேகவைத்த கொண்டைக்கடலையிலேயே சுமார் 12 கிராம் நார் கிடைத்துவிடும், கூடவே புரதமும். பயறு வகைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. ஆனால் ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பும். மெல்ல மெல்லக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடியுங்கள்.

பழச்சாறு பற்றிக் கேட்பீர்கள். ஒரு குவளைக்கு மூன்று நான்கு ஆரஞ்சு பிழிய வேண்டும். முழுப் பழமாக அத்தனையை ஒரே நேரத்தில் யாரும் சாப்பிடுவதில்லை. சாற்றில் உள்ள சர்க்கரையையும் உலக சுகாதார அமைப்பு தேன், வெல்லப்பாகு, வெள்ளைச் சர்க்கரையோடு சேர்த்தே கணக்கிடுகிறது. இவை எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம்.

கிளைசெமிக் குறியீட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் காட்ட, குளுக்கோஸை 100 என்று வைத்து, 1981-இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்த அளவு அது. தர்பூசணிக்குப் பழைய அட்டவணைகளில் 70-க்கு மேல், ஆனால் 100 கிராம் பழத்தில் மாவுச்சத்து 8 கிராம்கூட இல்லை. எண்ணை மட்டும் பார்த்துப் பழத்தை ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

இப்போது என் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு முழுத் தானியம், கால் பங்கு புரதம். காயை முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் தானியத்துக்கு வருகிறேன். அந்த வரிசைக்கே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது.

ஒன்று மட்டும் கவனம்: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், மாவுச்சத்தின் அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.