வாசகர் கேள்வி-பதில்: அழைப்பு வந்தால் இணையம் ஏன் நிற்கிறது?

கேள்வி: என்னுடைய பழைய 2ஜி கைப்பேசியில் இணையத்தைப் பயன்படுத்தும்போது அழைப்பு வந்தால் இணையம் நின்றுவிடுகிறது, பேசி முடித்ததும் தானாகவே தொடர்கிறது. அறுந்த இணைப்பு எப்படித் தானாக ஒட்டிக்கொள்கிறது?

பதில்: இணைப்பு அறுபடுவதே இல்லை, அது சற்று நேரம் நிறுத்திவைக்கப்படுகிறது. ஏன் என்று அறிய, கைப்பேசியில் தரவு அனுப்பப்பட்ட பழைய முறையை முதலில் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.எம். என்பது உங்கள் கைப்பேசி போன்றவை இயங்கும் 2ஜி தொழில்நுட்பம். தொடக்கக் கால ஜி.எஸ்.எம். வலையமைப்பில் தரவும் குரல் அழைப்பைப் போலவே அனுப்பப்பட்டது. இணைத்த கணத்திலிருந்து துண்டிக்கும் வரை ஒரு வழித்தடம் முழுவதும் உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். அதில் விநாடிக்கு 9,600 பிட்டுகள் செல்லும். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் படித்துக்கொண்டிருந்தால், அந்த ஐந்து நிமிடமும் தடம் வெறுமையாகக் கிடக்கும். ஆனாலும் வேறு எவருக்கும் பயன்படாது, கட்டணமும் நேரக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

தரவைச் சிறு பொதிகளாக நறுக்கி, ஒவ்வொன்றின்மீதும் சேருமிடத்தைக் குறித்து அனுப்பினால், பலரும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதை 1960களிலேயே அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே கண்டிருந்தார்கள். அந்தச் சிந்தனை ஜி.எஸ்.எம். கைப்பேசிக்கு வந்து சேர 2000ஆம் ஆண்டு ஆயிற்று. அதுவே ஜி.பி.ஆர்.எஸ். எனும் பொதிவழிச் சேவை.

இதில் நீங்கள் இணையத்தைத் திறந்ததும் வலையமைப்பு உங்கள் கைப்பேசிக்கு ஓர் ஐ.பி. முகவரியை (இணையத்தில் அதை அடையாளங்காட்டும் எண்ணை) வழங்கி, அந்த அமர்வைத் தன் கணினிகளில் பதிந்துகொள்கிறது. இந்தப் பதிவு வேறு, தரவு செல்லும் வானலைத் தடம் வேறு என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை. பொதி போகவோ வரவோ வேண்டிய கணத்தில் மட்டுமே தடம் ஒதுக்கப்படும். மற்ற நேரங்களில் பதிவு மட்டும் நிலைத்திருக்கும். உங்களுடையதைப் போன்ற பெரும்பாலான 2ஜி கைப்பேசிகள் ‘பி’ வகையைச் சேர்ந்தவை. அவற்றால் குரல், தரவு இரண்டுக்கும் காத்திருக்க முடியும். ஒரே நேரத்தில் இரண்டையும் கையாள முடியாது. அழைப்பு வந்ததும் தரவை நிறுத்திவைக்குமாறு கைப்பேசியே வலையமைப்புக்குத் தெரிவிக்கிறது. பதிவு அழியாததால், பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. நெடுநேரம் பேசினால் மட்டும், மறுமுனையில் உள்ள சேவையகம் காத்திருந்து கைவிட்டுவிடக்கூடும். பதிவிறக்கம் பாதியில் தோற்றுப்போவது அதனால்தான்.

கேள்வி: ஜி.பி.ஆர்.எஸ். சேவையின் வேகம் விநாடிக்கு 171 கிலோபிட் என்று படித்தேன். சிக்னல் முழுமையாக இருந்தும் அதில் மூன்றில் ஒரு பங்குகூட எனக்குக் கிடைத்ததில்லையே?

பதில்: ஒரு ஜி.எஸ்.எம். அலைவரிசையில், பலரும் முறைவைத்துப் பயன்படுத்தும் 8 நேரத் துண்டுகள் உண்டு. ஒரு துண்டில் விநாடிக்கு அதிகபட்சமாக 21.4 கிலோபிட் அனுப்பலாம். எட்டால் பெருக்கினால் 171.2 வரும். ஆனால் எட்டுத் துண்டுகளும் ஒருவருக்கே கிடைக்க வேண்டும், அந்த 21.4 என்ற அளவோ, பிழைதிருத்தப் பாதுகாப்பை ஏறத்தாழ முழுவதுமாகக் கைவிட்டால்தான் சாத்தியம். பரவலாக விற்பனையான கைப்பேசிகள் பலவற்றால் தரவைப் பெற 4 துண்டுகளுக்கு மேல் பயன்படுத்த முடியாது. ஓரளவு பாதுகாப்புடன் ஒரு துண்டுக்கு 13.4 என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 53.6 கிலோபிட். அதையும் அந்தக் கோபுரத்தின் கீழுள்ள பிறரோடு பகிர வேண்டும். அவர்கள் பேசும் குரல் அழைப்புகளுக்கோ பொதுவாக முன்னுரிமை உண்டு. சிக்னல் கோடுகள் அலையின் வலிமையைக் காட்டுமே தவிர, அதைப் பகிர்ந்துகொள்வோரின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. இந்த நிபந்தனைகளைச் சொல்லாமல் 171 என்ற எண்ணை மட்டும் விளம்பரப்படுத்துவது பயனாளருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

கேள்வி: 4ஜி வந்த பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

பதில்: பெருமளவு தீர்ந்துவிட்டது. 4ஜி வலையமைப்பில் எல்லாமே பொதிகள்தாம். வோல்ட்இ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) முறையில் குரலும் பொதிகளாகவே செல்கிறது, தாமதம் நேராதபடி அந்தப் பொதிகளுக்குத் தனி முன்னுரிமை தரப்படுகிறது. ஆகவே பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் வோல்ட்இ வசதி இல்லாத கைப்பேசி, அழைப்பு வந்ததும் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கிவிடும். 3ஜியில் இரண்டும் ஒருசேர இயங்கும். 2ஜிக்கு இறங்க நேர்ந்தால், முதல் கேள்வியில் வாசகர் சொன்ன அதே நிறுத்தம் புதிய கைப்பேசியிலும் ஏற்படும்.