கேபினட்டுக்குக் கால் மாட்டும் சாதனத்துக்குப் பேட்டன்ட் கிடைக்குமா? கேள்வி பதில்

மாடுலர் கிச்சன் வேலை செய்பவர்களும் சில மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் கேபினட் கால் சம்பந்தப்பட்டவைதான். இந்தியப் பேட்டன்ட் சட்டத்தை வைத்து மட்டும் பேசுகிறேன்.

கேள்வி (கோவை, கிச்சன் பட்டறை நடத்துபவர்): சார், கேபினட்டின் அடிப்பலகையில் ஒரு சாக்கெட். அதில் பிளாஸ்டிக் காலைச் செருகிக் கால்வாசிச் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். காலின் அடியைத் திருப்பி உயரம் மாற்ற மரையும் உண்டு. கேபினட் தரையில் நின்று எடை ஏறியதும், காலின் தலையில் உள்ள நாக்கு மேலே இருக்கும் பள்ளத்தில் போய் உட்காரும். கேபினட்டைத் தூக்கினால் நாக்கு தானாக இறங்கிவிடும், கையாலேயே கழற்றலாம். விண்ணப்பம் போட்டு, பேட்டன்ட் அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்திருக்கிறது. மூன்று வெளிநாட்டு ஆவணங்களைக் காட்டி, புதுமைப் படி (துறையில் தேர்ந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாத முன்னேற்றம்) இல்லை, தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்குவது பற்றிய பிரிவு 3(எஃப்)-ம் பொருந்தும் என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: முதல் ஆய்வறிக்கையில் ஆட்சேபம் இல்லாமல் வருவதுதான் அபூர்வம். பயப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் அனுப்பிய முதல் க்ளெய்மை, அதாவது எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் கோரும் வாசகத்தை, படித்தேன். "ஒரு சாக்கெட், அதில் திருப்பிப் பூட்டும் ஒரு கால் கொண்ட சாதனம்." இவ்வளவுதான் இருக்கிறது. எக்ஸாமினர் (விண்ணப்பத்தை ஆய்வு செய்யும் அதிகாரி) உங்கள் பட்டறைக்கு வந்து சாமானைப் பார்ப்பதில்லை. க்ளெய்மில் எழுதிய வார்த்தைகளைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவர் காட்டிய மூன்று ஆவணங்களை டி-1, டி-2, டி-3 என்போம். அந்த வார்த்தைகளுக்கு டி-1 ஒன்றே போதும். அதிலும் திருப்பிப் பூட்டும் கால்தான்.

சரி, மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம். டி-1-இல் கால் திருப்பிப் பூட்டுகிறது, ஆனால் உயரம் மாற்ற வழியில்லை. டி-2-இல் மரை வைத்து உயரம் மாற்றலாம், ஆனால் பிளேட்டை நாலு ஸ்க்ரூ போட்டுத்தான் மாட்ட வேண்டும். டி-3 ஒரு குழாய் இணைப்பு. அதில் கிளிப் போன்ற நாக்கு இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் உங்கள் சாதனம் வந்துவிடும் என்பது எக்ஸாமினரின் வாதம்.

உங்கள் பதில் இங்கேதான் தொடங்க வேண்டும். டி-1-ஐயும் டி-2-ஐயும் சேர்த்துப் பாருங்கள், ஒரு புதுச் சிக்கல் முளைக்கும். தரை மட்டத்துக்காகக் காலின் அடியைத் திருப்பும்போது மேலே உள்ள பூட்டும் சேர்ந்து திரும்பிக் கழன்றுவிடும். இந்தச் சிக்கலை டி-1-உம் பேசவில்லை, டி-2-உம் பேசவில்லை. டி-3-இன் நாக்கு கையால் அழுத்தி விடுவிப்பது. உங்களுடைய நாக்கு கேபினட்டின் எடையால் பூட்டி, தூக்கினால் விடுபடுகிறது. சாக்கெட்டுக்குள் கால் 2 மி.மீ. மேலும் கீழும் ஆடும்படி விட்டிருக்கிறீர்களே, வேலையைச் செய்வதே அந்த ஆட்டம்தான். உங்கள் விவரக்குறிப்பில் அது படம் 4-க்கான விளக்கத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கிறது. க்ளெய்மில் இல்லவே இல்லை!

அந்த 2 மி.மீ. இடைவெளியையும் நாக்கு-பள்ளத்தையும் முதல் க்ளெய்முக்குள் கொண்டுவாருங்கள். பழையது இன்னது, "அதன் சிறப்பம்சம் என்னவென்றால்" என்று பிரித்து இரண்டு பகுதியாக எழுதினால் எக்ஸாமினருக்கும் வேலை சுலபம். எண்ணை அப்படியே போடாமல் "எடை ஏறும்போது மேலேறவும், எடை நீங்கும்போது இறங்கவும் போதுமான இடைவெளி" என்று எழுதலாம், ஏனென்றால் உங்கள் அந்த ஒரு வரி அதைச் சொல்கிறது. 2 மி.மீ.-ஐத் துணை க்ளெய்மில் வையுங்கள். க்ளெய்ம் குறுகிப்போகிறதே என்று வருத்தப்படாதீர்கள். போட்டியாளர் காப்பியடிக்கப்போவது அந்த நாக்கைத்தான்.

கேள்வி (அதே நபர்): பிரிவு 3(எஃப்)-க்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அந்தப் பிரிவில் தெரிந்த சாதனங்களை வெறுமனே வரிசைப்படுத்துவது, மாற்றி அடுக்குவது, இரட்டிப்பது எல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று இருக்கிறது. பலர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சாதனங்கள் "ஒன்றையொன்று சாராமல், தெரிந்த விதத்திலேயே" இயங்கினால் என்ற நிபந்தனையும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. கேபினட் காலோடு, அடியை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பலகைக்கான கிளிப்பை ஒட்டி விற்றால் அது 3(எஃப்). கால் தன் வேலையைச் செய்யும், கிளிப் தன் வேலையைச் செய்யும். உங்களுடையதில் எடை, இடைவெளி, நாக்கு, மரை நாலும் ஒன்றை ஒன்று நம்பி இருக்கின்றன. இதை ஒரு பத்தியில், படத்தின் எண்களோடு, எழுதுங்கள். "எங்கள் கண்டுபிடிப்பு மிகச் சிறந்தது" என்று இரண்டு பக்கம் எழுதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு எதற்கு சார் பேட்டன்ட்? பட்டறையில் தினமும் நடக்கிற மாற்றம்தானே?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. இதற்கென்றே ஒரு தீர்ப்பு இருக்கிறது: பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், உச்ச நீதிமன்றம், 1978. லேத்தில் கடைசல் பிடிக்கும்போது பாத்திரத்தை நகராமல் பிடித்து வைக்கும் அமைப்புக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தார்கள். அது வெறும் பட்டறை மேம்பாடு, கண்டுபிடிப்பு இல்லை என்று நீதிமன்றம் சொல்லி, பேட்டன்ட் போய்விட்டது. இயந்திர வகை விண்ணப்பங்களில் இன்றும் இந்தத் தீர்ப்பு அடிக்கடி தலை காட்டும்.

ஆனால் மாற்றம் சின்னதா பெரியதா என்பது அளவுகோல் இல்லை. புதுமைப் படியை விளக்கும் பிரிவு 2(1)(ஜேஏ) கேட்பது இரண்டு. தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா? அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா? பார்ட்டிகிள் போர்டு கேபினட்டைத் தரையில் இழுத்துப் பாருங்கள். கால் நெம்புகோலாகி ஸ்க்ரூவைப் பிடுங்கி வெளியே எடுத்துவிடும். போர்டில் பெரிய ஓட்டைதான் மிஞ்சும். இதைப் பார்க்காத கார்பென்டர் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த தொல்லையாக இருந்தும் யாரும் இந்த வழியில் தீர்க்கவில்லை என்று காட்ட முடிந்தால், "வெளிப்படை" என்ற வாதம் பலவீனமாகும்.

கேள்வி (சேலம்): எக்ஸாமினர் காட்டியதெல்லாம் வெளிநாட்டு ஆவணம். இந்தியாவில் அந்தக் கால்களை யாரும் விற்கவே இல்லையே?

பதில்: விற்றிருக்க வேண்டியதில்லை. உலகத்தில் எந்த மூலையில், எந்த மொழியில் வெளியான ஆவணமும் கணக்கில் வரும். நீங்களும் அதே இடத்தில் முன்கூட்டியே தேடலாம். பன்னாட்டுப் பேட்டன்ட் வகைப்பாட்டில் ஏ47பி 91 என்பது மரச்சாமான் கால்களுக்கானது, எஃப்16பி 12 மரச்சாமான் இணைப்புகளுக்கானது. ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பாசெநெட் தேடல் தளத்தில் இந்த இரண்டு எண்களையும் போட்டு, படங்களை மட்டும் வேகமாகப் புரட்டுங்கள். இந்தியத் தேடலுக்கு நம் பேட்டன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் தளம். எல்லாம் இலவசம். "கேபினட் லெக்" என்று வார்த்தை போட்டு மட்டும் தேடினால் பாதி நழுவிவிடும், ஏனென்றால் காலைச் சிலர் தாங்கி என்பார்கள், சிலர் பீடம் என்பார்கள்.

கேள்வி (மதுரை, ஆசாரி): நானே செய்த கால் கிளாம்ப். போன வருஷமே யூடியூபில் வீடியோ போட்டேன், வாடிக்கையாளருக்கும் மாட்டிக் கொடுத்தேன். இப்போது விண்ணப்பிக்கலாமா?

பதில்: அந்த கிளாம்புக்கு முடியாது, அண்ணே. உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான ஆதாரம். பிரிவு 31-இல் 12 மாத விலக்கு ஒன்று உண்டு. அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில வகைகளுக்குத்தான். யூடியூப் அதில் வராது. வீடியோவுக்குப் பிறகு ஏதாவது மேம்படுத்தியிருக்கிறீர்களா? அந்தப் பகுதியை மட்டும் யோசிக்கலாம், அதையாவது வெளியே காட்டாமல் வைத்திருந்தால்.

கேள்வி (கோவை நபரே மறுபடியும்): இப்போது எடைச் சோதனை செய்து, அந்த எண்களை விவரக்குறிப்பில் சேர்த்துவிடட்டுமா?

பதில்: சேர்க்க முடியாது. பிரிவு 59 அதற்கு இடம் தராது. திருத்தம் என்பது விட்டுக்கொடுத்தல், பிழை திருத்துதல், விளக்குதல் என்ற எல்லைக்குள்தான். முதலில் இல்லாத விஷயம் உள்ளே வரக் கூடாது. சோதனை முடிவைப் பதில் கடிதத்தோடு தனியாக வைக்கலாம். உங்களைக் காப்பாற்றுவது படம் 4-இன் விளக்கத்தில் உள்ள அந்த ஒரு வரிதான். அடுத்த விண்ணப்பத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் அது ஏன் அங்கே இருக்கிறது, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): செலவு, காலக்கெடு?

பதில்: தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600, ஆய்வு கோரும் படிவம் 18-க்கு ரூ.4,000. மற்றவர்களுக்கு ரூ.8,000, ரூ.20,000. ஏஜென்ட் கட்டணம் தனி. 2024 மார்ச் 15 முதல் போட்ட விண்ணப்பங்களுக்குப் படிவம் 18-ஐ 31 மாதத்துக்குள் தர வேண்டும், முன்பு 48. ஆய்வறிக்கைக்குப் பதில் தர 6 மாதம். இந்த 6 மாதத்தைத் தூங்கவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

கேள்வி (பொறியியல் மாணவர், திருச்சி): பேட்டன்டுக்குப் பதிலாக டிசைன் பதிவு செய்தால் சீக்கிரம் முடியுமாமே?

பதில்: முடியும் தம்பி, ஆனால் அது தோற்றத்துக்கான பாதுகாப்பு. டிசைன் சட்டம் 2000-இல் வெறும் இயந்திர அமைப்பு டிசைன் ஆகாது. கேபினட்டுக்கு அடியில் ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும் சாக்கெட்டுக்கு அது பெரிதாக உதவாது. வெளியே தெரியும் பித்தளைக் கால், சாய்ந்த மரக் கால் என்றால் டிசைன்தான் சரியான வழி. ஜெர்மனி, சீனா போல சின்னக் கண்டுபிடிப்புக்கான யூடிலிட்டி மாடல் இங்கே இல்லை. எனக்குக் கேட்டால், ஹார்டுவேர் தொழிலுக்கு அது வந்தால் நல்லது.

கேள்வி (சென்னை, ஹார்டுவேர் மொத்த வியாபாரி): நாங்கள் பல வருடமாக விற்கும் காலை ஒருவர் தன் கண்டுபிடிப்பு என்று விண்ணப்பித்திருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: விண்ணப்பம் வெளியாகி, பேட்டன்ட் வழங்கப்படுவதற்குள் பிரிவு 25(1)-இன் கீழ் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். தேதி போட்ட கேட்லாக், பில், இறக்குமதிக் காகிதம் ஆகியவை உங்கள் ஆயுதம். பில்லில் "கால் 4 எண்ணம்" என்று மட்டும் இருந்தால் எந்தக் கால் என்று நிரூபிக்க முடியாது. மாடல் எண், அந்த எண் இருக்கும் பழைய கேட்லாக் பக்கம், இரண்டும் பொருந்த வேண்டும்.

கேள்வி (கோவை): பதில் கொடுத்த பிறகும் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

பதில்: ஹியரிங் வைப்பார்கள், பெரும்பாலும் வீடியோவில். ஒரு மாதிரிக் காலையும் சாக்கெட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கியும் இறக்கியும் காட்டினால் 2 மி.மீ. இடைவெளி என்ன செய்கிறது என்பது உடனே புரிந்துவிடும். ஆனால் காட்டியது எல்லாம் பேச்சோடு போய்விடும். ஹியரிங் முடிந்து 15 நாளுக்குள் எழுத்துபூர்வமாகவும் கொடுக்க வேண்டும், முடிவு வருவது அதை வைத்துத்தான். அப்போதும் நிராகரித்தால் 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சென்னை அலுவலகத்தின் உத்தரவு என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவுக்குப் போகும். அங்கே போகிற செலவைவிட இப்போது க்ளெய்மை ஒழுங்காகத் திருத்துவது மலிவு. வரைவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.